பள்ளித் தோட்டம்: பிள்ளைக்கு வேலையா, பாடமா?

(பஞ்சாயத்து அளவிலான கூட்டமைப்பின் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடிச்சாச்சு. இனி பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசலாம். போன மாதம் குழுக்களுக்குப் போனபோது பல ஊர்களில் ஒரே பேச்சு. பள்ளிக்கூடத்தில் தோட்டம் போடறாங்க, அது நல்லதா கெட்டதா என்று. ஒரு குழுவில் ஒரு அக்கா எழுந்து நேராகவே கேட்டுட்டாங்க: “நாங்க காலையிலேர்ந்து களை வெட்டுறோம், தண்ணி சுமக்கிறோம். எம் புள்ளையாவது இந்த மம்பட்டியைத் தொடக் கூடாதுன்னுதான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறேன். அங்கயும் மம்பட்டியைக் குடுத்தா எதுக்கு அனுப்பணும்?”

இந்தக் கேள்வியை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த அக்கா சொன்னதில் நியாயம் இருக்கு. தோட்டம் என்ற பேரில் பிள்ளைகளை வேலை வாங்குகிற பள்ளிகளும் உண்டு. அதே தோட்டத்தை வைத்து, புத்தகத்தில் புரியாத கணக்கையும் அறிவியலையும் புரிய வைக்கிற பள்ளிகளும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், எதை வேண்டும் என்று கேட்பது, எதை வேண்டாம் என்று தடுப்பது என்று நமக்கே தெளிவாகிவிடும். அதற்காகத்தான் இன்றைய பேச்சு.

வேலையா, பாடமா? ஐந்து கேள்வி

உங்கள் ஊர்ப் பள்ளியில் தோட்டம் இருந்தால் இந்த ஐந்து கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

1. யார் செய்யறாங்க? எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்துச் செய்கிறார்களா? இல்லை, ஒரு குறிப்பிட்ட தெருப் பிள்ளைகளை மட்டும் குப்பை அள்ளவும் சாணி சுமக்கவும் அனுப்புகிறார்களா? பெண் பிள்ளைகள் கூட்டவும் தண்ணி ஊத்தவும், ஆண் பிள்ளைகள் அளக்கவும் எழுதவும் என்று பிரித்து வைத்திருக்கிறார்களா? அப்படி இருந்தால் அந்தத் தோட்டம் சாதியையும் பேதத்தையும்தான் வளர்க்கிறது. அதை உடனே கேட்க வேண்டும்.

2. எப்போது செய்யறாங்க? வாரத்தில் ஒரு பாடவேளை, எல்லோருக்கும் பொதுவாக இருந்தால் சரி. கணக்குப் பாடம் நடக்கும்போது நாலு பிள்ளைகளை மட்டும் வெளியே அனுப்பினால் சரியில்லை. பெரும்பாலும் “படிப்பு ஏறாத” பிள்ளை என்று முத்திரை குத்தியவர்களைத்தான் அப்படி அனுப்புவார்கள். அந்தப் பிள்ளைக்குத்தான் அந்தப் பாடம் அதிகம் தேவை.

3. தண்டனையாகச் செய்யறாங்களா? “லேட்டா வந்தியா, போய்ப் பத்துக் குடம் தண்ணி ஊத்து” என்றால், அது பாடம் இல்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை உடலளவிலும் மனதளவிலும் வதைக்கும் தண்டனைகளைத் தடை செய்திருக்கிறது.

4. வயசுக்கு ஏத்த வேலையா? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு விதை போடுவதும், ஓட்டை போட்ட பாட்டிலில் தண்ணி ஊத்துவதும் போதும். குழி வெட்டுவது, வேலி கட்டுவது, எரு சுமப்பது பெரியவர்கள் வேலை.

5. விளைந்தது யாருக்குப் போகுது? பிள்ளைகளின் தட்டுக்குப் போக வேண்டும். வேறு யார் வீட்டுப் பைக்கும் போகக் கூடாது.

ஐந்துக்கும் பதில் சரியாக இருந்தால், நம் பிள்ளை கையில் மண் ஒட்டியிருப்பதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு அமர்த்தக் கூடாது என்று 2016-இல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. குடும்பத்துக்கு ஒத்தாசை செய்வது போன்ற சில விலக்குகள்தான் உண்டு. அந்த விலக்கும் பள்ளி நேரம் போகத்தான். ஆகவே வேலை வாங்குவதை எதிர்க்க நமக்குச் சட்டமும் துணை நிற்கிறது.

இது புதுசு இல்லை

கையால் செய்து கற்பது நேற்று வந்த யோசனை இல்லை. 1937-இல் வார்தாவில் நடந்த கல்வி மாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். ஒரு கைத்தொழிலையோ விவசாயத்தையோ நடுவில் வைத்து, அதைச் சுற்றி மொழியும் கணக்கும் கற்பிப்பதுதான் அது. குழந்தைக் கல்விக்கு உலகம் முழுக்கப் பேர் பெற்ற மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். செடியையும் பிராணிகளையும் பராமரிப்பது குழந்தைக்குப் பொறுமையையும் பொறுப்பையும் கொடுக்கும் என்பது அவர் கருத்து. 2001-இல் பள்ளிகளில் தேசிய பசுமைப்படை தொடங்கப்பட்டது. 2019 அக்டோபரில் மத்திய அரசு, மதிய உணவுத் திட்டத்தின் கீழ் பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைக்க வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆகவே நாம் போய்க் கேட்டால், “அதெல்லாம் நம்ம திட்டத்தில் இல்லை” என்று யாரும் சொல்ல முடியாது.

தோட்டத்தில் என்ன படிப்பு இருக்கு?

சில உதாரணம் சொல்றேன். படிக்காத அக்காமார்களும் இதை வீட்டில் பிள்ளையோடு செய்து பார்க்கலாம்.

*கணக்கு.* பத்து அடி நீளத்தில் ஒரு வரப்பு. ஒரு அடிக்கு ஒரு வெண்டை விதை ஊன்றணும், எத்தனை விதை வேணும் என்று கேளுங்கள். எல்லாப் பிள்ளையும் பத்து என்றுதான் சொல்லும். இரண்டு முனையிலும் விதை வருகிற மாதிரி ஊன்றச் சொல்லி எண்ணச் சொல்லுங்கள். பதினொன்று வரும். ஏன் ஒன்று கூடுச்சு என்று பிள்ளை யோசிக்கும். அப்படி யோசித்துக் கண்டுபிடித்த கணக்கை அது மறக்காது.

இன்னொன்று சதவீதம். ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைகளும் தடுமாறுகிற இடம் இது. ஈரத் துணியில் 20 விதையை முடிந்து வையுங்கள். நாலு நாள் கழித்துப் பிரித்தால் 15 முளைச்சிருக்கு என்று வையுங்கள். 20-க்கு 15 என்றால் 100-க்கு 75. நாம் குழுவில் நூற்றுக்கு எத்தனை வட்டி என்று விரல் நுனியில் கணக்கு வைத்திருக்கிறோம். அதே கணக்குதான் இது. “அம்மாவுக்கும் இந்தக் கணக்கு தெரியுமா?” என்று பிள்ளை ஆச்சரியப்படட்டும்.

*அறிவியல்.* “பூசணி பூவா பூக்குது, காய் நிக்க மாட்டேங்குது” என்று நாம் புலம்புவோம். காலையில் பிள்ளையைக் கூட்டிப்போய்ப் பூவைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சில பூவுக்கு அடியில் வெறும் காம்பு மட்டும் இருக்கும், அது ஆண் பூ. சில பூவுக்கு அடியில் குட்டிப் பூசணி உருண்டையாக இருக்கும், அது பெண் பூ. ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவில் சேர்ந்தால்தான் காய் நிற்கும். அந்த வேலையைச் செய்வது தேனீ. தேனீ வராவிட்டால், ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கிவிட்டு, பெண் பூவின் நடுவில் நாமே தொட்டு வைக்கலாம். ஒரு வாரத்தில் அந்தக் காய் பெருக்கிறதா, பழுத்து உதிர்கிறதா என்று பிள்ளை பார்த்துக்கொள்ளும். மகரந்தச் சேர்க்கை என்று புத்தகத்தில் வருகிற பாடம் முழுக்க அந்த ஒரு கொடியில் இருக்கு. பூக்கிற நேரத்தில் மருந்தடித்தால் தேனீயும் போகும், காயும் போகும் என்பதும் சேர்ந்தே புரியும்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னொரு பாடம். ஒரு தட்டைப்பயறுச் செடியையோ நிலக்கடலைச் செடியையோ மண்ணோடு மெதுவாகத் தோண்டி எடுத்து வேரைக் கழுவச் சொல்லுங்கள். வேரில் சின்னச் சின்ன முடிச்சு இருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அதில் இருக்கும் நுண்ணுயிர் காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பயறு போட்ட நிலம் தெம்பாகும் என்று நம் பெரியவங்க சொன்னதற்குக் காரணம் அந்த முடிச்சுதான்.

*தமிழ்.* செடிக்கு ஒரு நோட்டு. வெள்ளிக்கிழமை தோறும் செடியின் உயரத்தை அளந்து எழுதி, அன்று பார்த்ததை இரண்டு வரி எழுதினால் போதும். “இன்னிக்கு அவரை குச்சியைப் பிடிச்சிருச்சு.” தானாக ஒரு வாக்கியம் எழுதத் தயங்குகிற பிள்ளைக்கு இங்கே எழுத ஒரு சேதி கிடைக்கிறது.

தட்டில் என்ன விழுகிறது?

1956-இல் காமராஜர் காலத்தில் மதிய உணவு வந்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டு, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. பல இடங்களில் அந்தச் சமையலைச் செய்ய வந்தவர்கள் நம்மைப் போன்ற குழு உறுப்பினர்கள்தான். அதனால் பள்ளிச் சமையலறை நமக்கு அந்நியமான இடம் இல்லை.

ஆனாலும் 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களிலும் பாதிக்கு மேல். இந்தக் கூட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இரண்டு பேரில் ஒருவருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மயக்கம், மூச்சு வாங்குவது, பிள்ளை பாடத்தில் கவனம் இல்லாமல் சுருண்டு படுப்பது, இதற்கெல்லாம் சோம்பேறித்தனம் என்று பேர் வைத்துவிடுகிறோம்.

ஒரு பாத்திக் கீரையால் ரத்தசோகை தீர்ந்துவிடாது. இரும்புச்சத்து மாத்திரையும் பூச்சி மாத்திரையும் தேவை. ஆனால் கீரையை ஒதுக்கி வைக்கிற பழக்கத்தை அந்தப் பாத்தி மாற்றும். தான் விதைத்து, தான் தண்ணி ஊத்தி, தான் பறித்த கீரை சாம்பாரில் வந்தால், “இது நான் போட்டது” என்று பிள்ளை கேட்டு வாங்கிச் சாப்பிடும். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்து சேர்வது குறையும். இது நமக்கும்தான்.

எதைப் போடலாம், எப்போது போடலாம்?

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். ஜூனில் பள்ளி திறந்து பிள்ளைகள் நிலைப்படுவதற்கும் ஆடி பிறப்பதற்கும் சரியாக இருக்கும்.

முதலில் சீக்கிரம் வருவதைப் போடுங்கள். வெந்தயம் நாலைந்து நாளில் முளைக்கும், 25 நாளுக்குள் பறிக்கலாம். சிறுகீரை, முளைக்கீரையும் ஒரு மாதத்துக்குள் வந்துவிடும். சின்னப் பிள்ளைக்கு நெடுநாள் காத்திருக்கப் பொறுமை இருக்காது, முதல் அறுவடை கைக்கு வந்தால்தான் ஆசை பிறக்கும். அடுத்து வெண்டை, கொத்தவரை, தக்காளி, கத்தரி. வேலியோரம் அவரை, பீர்க்கை, பாகல். நிரந்தரமாக நிற்க முருங்கை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த பி.கே.எம்.1 செடிமுருங்கை விதை போட்டு ஆறு மாதம் போலக் காய்க்கத் தொடங்கும். காய் வரும்வரை இலை இருக்கு.

இடம் இல்லாத பள்ளியில் சாக்குப் பை, பழைய வாளி, உடைந்த பானை போதும். கொட்டாங்குச்சியில் நாற்று விடலாம்.

தண்ணிக்குக் கணக்குப் போடுங்கள். ஒரு பிள்ளை கையும் தட்டும் கழுவ 1 லிட்டர் என்றால், 60 பிள்ளைக்கு 60 லிட்டர், அதாவது நாலு குடம். தினமும் சாக்கடைக்குப் போகும் அந்த நாலு குடத்தை ஒரு வாய்க்கால் வெட்டி வாழைக்கும் பப்பாளிக்கும் விடலாம். கீரைப் பாத்திக்கு மட்டும் நல்ல தண்ணி விடுங்கள்.

பூச்சிக்கு, வேப்பங்கொட்டையை 50 கிராம் இடித்து, 1 லிட்டர் தண்ணியில் ஒரு ராத்திரி ஊற வைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளித்தால் போதும். பிள்ளைகள் நடமாடும் இடத்தில் கடை மருந்து வேண்டவே வேண்டாம். காலி மருந்து டப்பாவில் தண்ணி பிடித்து ஊத்துவதும் கூடாது.

பாதுகாப்பு முக்கியம்

வெறுங்காலோடு ஈர மண்ணில் நடந்தால் கொக்கிப்புழு தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். குடலில் இருந்து ரத்தத்தை உறிஞ்சும். சத்துக்காகத் தோட்டம் போட்டு, அதிலேயே ரத்தத்தை இழக்கக் கூடாது. காலில் செருப்பு இருக்கணும், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவணும். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் பூச்சி மாத்திரையைத் தவற விடக் கூடாது.

விஷச் செடிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்லிக் கொடுங்கள். காட்டாமணக்குக் கொட்டையைக் கடலை என்று நினைத்துத் தின்று ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளைகள் நிறைய. அரளி, ஊமத்தை, குன்றிமணி, ஆமணக்குக் கொட்டை எல்லாம் ஆபத்து. எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது. பள்ளிக்கூட வேலியில் காட்டாமணக்கு இருந்தால் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒருவேளை பிள்ளை தின்றுவிட்டால், கைவைத்தியம் பார்க்காமல், தின்றதையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

நாம் என்ன செய்யலாம்?

“எங்களுக்கு நேரமே இல்லை” என்று நீங்கள் சொல்வது எனக்குத் தெரியும். அதனால் செய்யக் கூடியதை மட்டும் நாலாகச் சொல்றேன்.

ஒன்று, பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்கணும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நம் உறுப்பினர்கள் பல ஊரில் அதில் இருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வராமல், தோட்டத்தைப் பற்றியும் அந்த ஐந்து கேள்வியைப் பற்றியும் பேசி, பேசியதைத் தீர்மான நோட்டில் எழுத வையுங்கள். தலைமையாசிரியரிடம் சண்டைக்குப் போவதுபோல் போக வேண்டாம். “நாங்க வேலி கட்டித் தர்றோம், நீங்க பாடமா நடத்துங்க” என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

இரண்டு, கோடை விடுமுறை. பெரும்பாலான பள்ளித் தோட்டம் சாவது மே மாதத்தில்தான். கீரையும் காயும் முன்னாடியே முடிந்திருக்கும். முருங்கைக்கும் பப்பாளிக்கும் மட்டும் தண்ணி வேண்டும். ஊரில் ஆறு குழு இருந்தால், ஒரு குழுவுக்கு ஒரு வாரம். ஒரு உறுப்பினருக்கு ஒரு நாள்கூட முழுசாக வராது.

மூன்று, விதை. நாம் மாதா மாதம் பணத்தைச் சேமிப்பது போல, விதையையும் சேமிப்போம். வீட்டில் முற்றிய அவரை, பூசணி, சுரை, வெண்டையில் ஒரு கைப்பிடி. நன்றாகக் காய வைத்து, சாம்பல் கலந்து, மூடியுள்ள டப்பாவில் ஊர்ப் பேரும் மாதமும் எழுதிக் குழுவில் வைப்போம். ஆடியில் பள்ளிக்குக் கடனாகக் கொடுப்போம். தை மாதம் பிள்ளைகள் இரண்டு கைப்பிடியாகத் திருப்பிக் கொடுக்கட்டும். கடன் வாங்கினால் திருப்பித் தரணும் என்ற பாடமும் அதிலேயே இருக்கு.

நாலு, வீட்டில் பிள்ளைக்கு என்று ஒரு செடி. ஒரே ஒரு செடி. அதற்குத் தண்ணி ஊத்துவது பிள்ளை பொறுப்பு. அது மறந்து செடி வாடினாலும் நீங்கள் ஊத்தாதீர்கள். திட்டவும் வேண்டாம். “ஏன் வாடுச்சு?” என்று மட்டும் கேளுங்கள். இன்னொரு விதையைக் கையில் கொடுங்கள்.

அந்த அக்காவின் கேள்விக்கு இதுதான் என் பதில். “அக்கா, நீங்க மம்பட்டி பிடிச்சது வேறு வழி இல்லாமல். உங்க பிள்ளை ஒரு செடியை அளந்து, ஏன் வளருது, ஏன் வாடுதுன்னு கேள்வி கேட்கிறது, நாளைக்குத் தனக்கு வேணுங்கிற வழியைத் தானே தேர்ந்தெடுக்க. அது டாக்டர் ஆனாலும் சரி, விவசாயம் செய்தாலும் சரி. ஆனா அந்தத் தோட்டத்தில் பாடம்தான் நடக்குதான்னு பார்த்துக்கிற பொறுப்பு நம்மகிட்ட இருக்கு.”

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் இதைப் பேசி, பள்ளியைப் போய்ப் பார்க்க இரண்டு உறுப்பினர் பேரைத் தீர்மானம் போட்டு எழுதி வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஐந்து கேள்விக்கும் கிடைத்த பதிலை அடுத்த கூட்டத்தில் இதே இடத்தில் வாசிப்போம்.